பூத்தண்டு

சமவெளி வெயிலில் சின்ன வெங்காயம் பூத்து விதை தராது என்று எல்லோரும் சொன்னார்கள். கோசலை கேட்கவில்லை. வெங்காயத்தை வாரக்கணக்கில் ஃபிரிட்ஜில் குளிர வைத்து எடுத்து, வீட்டுக்குப் பின்னால் நட்டாள். பூத்தண்டு எழும்பிய வாரத்தில் மாரடைப்பு வந்து அவள் போய்விட்டாள். பூக்கள் விரிந்தபோது தேனீ வரவில்லை. அவள் கணவன் மருதையன்தான் தினமும் பூவுக்குப் பூ உள்ளங்கையால் தடவிவிட்டான்.

காரியத்துக்கு வந்து தங்கியிருந்த அவன் தங்கை பவளம், ஒரு மதியம் சோறு போட்டாள்.

"தண்டு முத்திப்போறதுக்குள்ள அறுத்துட்டேண்ணே. பருப்புப் போட்டு வதக்கியிருக்கேன்."

"எல்லாத்தயுமா?"

"ஆமா. ஏன், நல்லால்லியா?"

மருதையன் வாயிலிருந்ததை மெல்ல விழுங்கினான்.

"நல்லாருக்கு புள்ள."

அவள் இன்னொரு கரண்டி வைத்தாள். அவன் கையை நீட்டித் தடுக்கவில்லை.