மைனஸ் பதினெட்டில் ஒரு வாக்குமூலம்

"கதவச் சாத்துங்க" என்றாள் ஜஹானாரா, உள்ளே வந்ததும்.

காசிமேட்டு மீன் கிடங்கின் குளிர் அறை. மைனஸ் பதினெட்டு டிகிரி. அவள் கணவர் சௌக்கத் அலி கனத்த ஜாக்கெட், கையுறை, காதை மூடிய குல்லா சகிதம் இறால் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

நான்கு நாளாக இப்படித்தான். மதியம் பன்னிரண்டரை ஆனால் டிபன் கேரியரோடு வந்து நிற்கிறாள்.

இருபத்தாறு வருடத்தில் ஒரு நாளும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவள். மீன் கவுச்சி அவளுக்கு ஆகாது. அவர் வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே சட்டையைக் கழற்ற வைப்பாள். இப்போது பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வருகிறாள். வந்தாலும் கேரியரைக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. குளிர் அறைக்குள் நுழைந்து கால் மணி நேரம் நிற்கிறாள்.

முதல் நாள் சௌக்கத் அலிக்குப் பெருமையாக இருந்தது. இரண்டாம் நாள் பவுடர் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார்.

மூன்றாம் நாள் வண்டி தள்ளும் ஸ்டானிஸ்லாஸ் அதைக் கெடுத்தான்.

"பாய், பாயம்மா சும்மா வர்ல. பேக்கிங்ல புச்சா ராமசெல்வின்னு ஒரு அம்மா சேந்துக்கீது இல்ல? உன்னிய வேவு பாக்க வருது."

அதற்குப் பிறகு அன்று முழுக்க பெட்டிகளில் சீட்டைத் தலைகீழாகவே ஒட்டினார்.

இன்று பேசித் தீர்த்துவிடுவது என்ற முடிவோடுதான் கதவைச் சாத்தினார். ஆணியில் தொங்கிய இன்னொரு ஜாக்கெட்டை எடுத்து நீட்டினார்.

அவள் அதைத் தள்ளிவிட்டாள். முகத்திரையைத் தூக்கித் தலைமேல் போட்டுக்கொண்டு, பெட்டிகளில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

கோபம்தான். வேறென்ன.

"அல்லா மேல ஆணையா சொல்றேன் ஜஹானாரா. அந்தம்மாவுக்கு ஒரு தபா டீ வாங்கிக் குட்த்தேன். அவ்ளோதான்."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "ம்… சொல்லுங்க."

இரண்டு தடவை என்று திருத்தினார். ஒரு தடவை பன்னும் இருந்தது.

"இன்னும் சொல்லுங்க. அவசரமில்ல."

அந்த 'அவசரமில்ல'தான் அவரை உடைத்துவிட்டது.

நாகூர் போவதாகச் சொல்லிவிட்டுப் போன ஊர் பாண்டிச்சேரி என்றார். அவள் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த சென்ட் பாட்டிலை உடைத்தது பூனை இல்லை என்றார். போன நோன்பில் இரண்டு மதியம் எர்ணாவூர்ப் பக்கம் பரோட்டா தின்றதைச் சொன்னார். மாமியார் இறந்த நாற்பதாம் நாள் ஓதிய ஃபாத்திஹாவில் ஊரே மெச்சும்படி தேம்பி அழுததற்குக் காரணம், பிரியாணிக்கு உரித்த நாலு கிலோ வெங்காயம் என்றார்.

மைனஸ் பதினெட்டில் அவர் நெற்றி வேர்த்தது. கேரியருக்குள் தால்ச்சா இறுகிக்கொண்டிருந்தது.

சொல்ல எதுவும் இல்லாமல் நிறுத்தினார்.

ஜஹானாரா நீளமாக மூச்சு விட்டாள். வெள்ளைப் புகையாக எழும்பியது. கண்ணைத் திறந்தபோது முகத்தில் கோபமே இல்லை.

"அப்பாடா. இப்பதான் உசுரு வந்துச்சு. மாசாமாசம் வர்றது நின்னதுலேர்ந்து, திடீர் திடீர்னு நெஞ்சுலேர்ந்து உச்சி வரிக்கும் அனல் ஏறுதுங்க. அடுப்பாண்ட நின்னா கேக்கவே வேணாம். ரெண்டு ஃபேன் போட்டும் அடங்கல. இந்த வயசுல உடம்புச் சூடு அப்டித்தான் தடுமாறும், சில்லுனு ஒரு எடத்துல இருங்கன்னாங்க டாக்டரம்மா. நமக்கு வேற ஏது அப்டி எடம்?"

சௌக்கத் அலி இறால் பெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

யாரும் கேட்காத கேள்விகளுக்கு இருபத்தாறு வருடப் பதில்களைக் கொட்டியிருக்கிறார். ஒரே ஒரு நம்பிக்கைதான். அந்தக் குளிர்ச் சுகத்தில் அவள் எதையும் காதில் வாங்கியிருக்க மாட்டாள்.

"எத்தினி நாளிக்கு இப்டி இருக்குமாம்?" என்று கேட்டார், குரல் தணிந்து.

"ரெண்டு வருசமும் ஆவும், நாலு வருசமும் ஆவும்."

முகத்திரையை இறக்கிவிட்டுக்கொண்டு கதவுக் கைப்பிடியை இழுத்தவள் திரும்பி நின்றாள்.

"நாளைக்கும் வருவேன். சொல்றதுக்கு எதுனா மிச்சம் வெச்சிகினு கீறீங்களா?"