மீனுக்குப் போன மாவு

சொட்டென்று ஒரு துளி, துவைத்துக் காயப் போட்ட வெள்ளை விரிப்பின் நடுவில் விழுந்தது.

மொன்ஜியா விரலால் தொட்டாள். பிசுபிசுத்தது. முகர்ந்து பார்த்தாள்.

மாவு!

அண்ணாந்து பார்த்தாள். மாடி வீட்டு ரவுதாவின் துணிக்கொடியில், செய்தித்தாள் ஒட்டிய குண்டு குண்டு மீன்கள் ஈரத்தோடு தொங்கின.

அடுத்த நிமிஷம் மொன்ஜியா மாடியில் நின்றாள்.

ஒரு பானை நிறையப் பசை. சுற்றிலும் ஊதிய பலூன்கள். ரவுதாவின் ஐந்து வயது மகள் எம்னாவும் அவள் தம்பியும், முழங்கை வரை வழிய வழிய, தாளைக் கிழித்துக் கிழித்து பலூனில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்னடி அநியாயம் இது?"

"பள்ளிக்கூடம் லீவாச்சேக்கா. மீன் செஞ்சு வாசல்ல மாட்டலாம்னு பிள்ளைங்க ஆசைப்பட்டுச்சுங்க. காய்ஞ்சதும் வர்ணம் அடிச்சா..."

"ஊரே மாவுக்கு நாய் படாத பாடு படுது. நீ பானை பானையா பசை காய்ச்சுறியா?"

"இது சாப்பிடுற மாவு இல்லக்கா."

"பின்ன? சுவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பா?"

ரவுதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, "விரிப்பைக் குடுங்கக்கா, நான் அலசித் தர்றேன்" என்றாள். அதோடு சரி.

அந்தத் தயக்கத்துக்குத் திருட்டுத்தனம் என்று பெயர் வைத்தாள் மொன்ஜியா. வைத்ததோடு நின்றாளா? சாயங்காலத்துக்குள் கட்டடத்தின் எல்லாக் கதவையும் தட்டிவிட்டாள்.

என் கதவையும்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டூனிஸ் நகரம் முழுக்க ஜனங்கள் ரொட்டிக் கடை வாசலில் கால் கடுக்க நிற்கிறார்கள். அன்று காலை நான் அப்படி நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவள். கோபம் வராதா பின்னே?

மறுநாள் ஷாத்லியின் மளிகைக் கடைக்கு மாவு வந்தது. வீட்டுக்கு ஒரு பைதான். வரிசை தெருமுனை வரை போனது.

ரவுதாவின் முறை வந்தது. ஒரு கையில் எம்னாவைப் பிடித்துக்கொண்டு மறுகையை நீட்டினாள்.

"நிறுத்துங்க ஷாத்லி அண்ணே!"

பின்னாலிருந்து முண்டியடித்து வந்தாள் மொன்ஜியா.

"இவளுக்குக் குடுக்காதீங்க. கொண்டுபோய் காயிதத்துல பூசுறா! கீழ விழுந்த ரொட்டித் துண்டைக்கூட முத்தம் குடுத்து ஓரமா எடுத்து வைக்கிற ஜனங்க நாம. இவ என்னடான்னா மாவைக் கரைச்சு பலூனுக்குத் தடவுறா. என் வீட்டுல ஒரு கைப்பிடி மாவு இல்ல, தெரியுமா? என் பேத்தி ரொட்டி ரொட்டின்னு அழுவுறா!"

"அடப் படுபாவி!" என்றது வரிசை.

"பிள்ளைங்களுக்கு விளையாட்டுக் காட்ட வேற வழியே இல்லையாம்மா?" என்று நானும் கேட்டேன்.

ரவுதா எம்னாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அது புழுத்துப்போன மாவுக்கா. எவ்வளவு சலிச்சாலும் வாயில வைக்க முடியாது. ஆனாலும் மாவாச்சே, வீணாப் போக விட மனசு வரல. அதான் பசையாவது காய்ச்சலாம்னு..."

ஷாத்லி தராசுப் பக்கத்திலிருந்து நிமிர்ந்தார்.

"புழுத்த மாவா? இந்தத் தட்டுப்பாட்டுல யார் வீட்டு மாவும்மா புழுக்கும்? வாங்கின மாவு அன்னிக்கே காலியாகுது. மாசக்கணக்கா பதுக்கி வெச்சவங்க வீட்டு மாவுதான் புழுக்கும்!"

அட, ஆமாம்! எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. விரயம் செய்கிறாள் என்று திட்டிக்கொண்டிருந்தோம். இவள் பதுக்கல்காரியா? எங்கள் வயிற்றில் அடித்துச் சேர்த்தது, தின்ன முடியாமல் புழுத்து, இப்போது மீனாகத் தொங்குகிறதா?

"பதுக்குனவங்களுக்கு இந்தக் கடையில இனிமே ஒரு பிடி மாவு கிடையாது. யாரா இருந்தாலும் சரி." ஷாத்லி பையைத் திரும்ப எடுத்து உள்ளே வைத்தார்.

"அண்ணே, நான் பதுக்கலண்ணே. வீட்டுல சுத்தமா தீந்துபோச்சு. பிள்ளைங்க காலையிலேருந்து வெறும் பேரீச்சம்பழத்தைத் தின்னுட்டு இருக்குதுங்க."

"பசை இருக்குல்ல, அதை ஊட்டு!" மொன்ஜியாவின் குரல் இன்னும் ஏறியது. வரிசையில் சிலர் சிரித்தார்கள்.

ஷாத்லிக்கு மனசு கொஞ்சம் இளகியிருக்க வேண்டும். "சரி, நீ பதுக்கலன்னே வெச்சுக்குவோம். அந்த மாவு எங்கேருந்து வந்துச்சு? அதைச் சொல்லிட்டுப் பையை எடுத்துட்டுப் போ."

ரவுதா உள்ளே இருந்த பையைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதைக் கேக்காதீங்கண்ணே. எனக்கு மாவு வேணாம்."

திரும்பி நடக்கப் போனவளை மொன்ஜியா வழிமறித்தாள்.

"பார்த்தீங்களா? வாயைத் திறக்குறாளா பாருங்க! எப்படித் திறப்பா? உன்னால நம்ம கட்டடத்துக்கே அசிங்கம்டி!"

அம்மாவின் கண்ணில் நீரைப் பார்த்ததும் எம்னாவுக்குத் தாங்கவில்லை. கையை உதறிக்கொண்டு மொன்ஜியாவின் முன்னால் போய் நின்றாள். கடை மொத்தமும் கேட்கும்படி விசும்பினாள்.

"எங்கம்மாவைத் திட்டாதீங்க பெரியம்மா! நீங்க குப்பைத் தொட்டியில போட்ட மாவு மூட்டைங்கதான் அதுன்னு சொன்னா உங்களுக்கு அசிங்கமாயிடும், யார்கிட்டயும் சொல்லாதன்னு அம்மா சொன்னாங்க... நான்தான் யார்கிட்டயும் சொல்லவே இல்லையே!"