ஸ்டெல்லாவின் மதிப்பெண்

திறன் அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்த பெண் மேசைமேல் மதிப்பெண் போடும் சின்னப் பெட்டியை வைத்து, "வாசிங்க மேடம்" என்றாள். ஸ்டெல்லா வயலினை எடுத்துத் தோளில் சாய்த்தாள்.

நூற்றுக்கு நாற்பது மதிப்பெண் வந்துவிட்டால் ஆசைக்கு வாசிக்கும் வயலினும் அரசாங்கத்தின் வேலைப் பட்டியலில் சேர்ந்துவிடும். அப்புறம் எந்தக் கல்யாண வீட்டிலிருந்து அழைப்பு வந்தாலும் ஆபீஸ் முடிந்து போய் வாசித்தே ஆகவேண்டும். கணவன் அருளப்பனுக்கு அப்படித்தான் ஆனது. மொட்டைமாடியில் ஆசைக்கு ரோஜா வளர்த்தவனுக்குப் போன வருடம் எழுபத்தொன்று போட்டார்கள். இப்போது தினமும் வேலைவிட்டு வந்ததும் யார் யாருக்கோ பதியன் போடுகிறான். பூத்ததை முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

வேண்டுமென்றே தப்பாக வாசிப்பது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். வில்லை இழுத்ததும் ஸ்டெல்லாவுக்கு அது மறந்துபோனது. கண்ணை மூடிக்கொண்டு ஆறு நிமிடம் மனதார வாசித்தாள். கதவோரம் நின்ற அருளப்பன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அந்தப் பெண் பெட்டியைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். இருபத்து மூணுதான். எந்த வேலைக்கும் ஆகாதுன்னு வந்திருக்கு."

ஸ்டெல்லா சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வந்தவளுக்குக் காபி கொடுத்து அனுப்பினார்கள்.

"வேணும்னுதானே தப்பா வாசிச்ச?" என்று கேட்டான் அருளப்பன்.

"இல்லங்க. ரொம்ப நல்லா வாசிச்சேன்னு நினைச்சேன்."

அருளப்பன் மண் ஒட்டிய விரல்களைப் பனியனில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எனக்கும் கத்துக்குடேன்," என்றான். "உன்னை மாதிரியே வாசிக்கணும்."