நான்காம் மாடித் தேரை

காலையில் அவள் பல் தேய்க்கப் போனபோது குளியலறையில் ஒரு தேரை உட்கார்ந்திருந்தது. ஆய்வுக்கூடத்தில் நாளெல்லாம் தவளையையும் தேரையையும் இனம் பிரிப்பதுதான் அவள் பிழைப்பு. கண்ணுக்கு மேல் கறுப்பு வரம்பு, அதன் பின்னால் புடைத்த நச்சுச் சுரப்பி, முதுகெல்லாம் பரு. ஊரெங்கும் திரிகிற சாதாரணத் தேரைதான். ஆனால் வீடு நான்காம் மாடியில் இருந்தது.

"ஆபீஸ்ல பார்க்கறது போதாதுன்னு வீட்டுக்கும் கூட்டிட்டு வந்துட்டியா?" என்றான் கணவன். அவனே அதை வாளியில் எடுத்துப்போய், ஊருக்கு வெளியே ஏரியில் விட்டுவிட்டு வந்தான்.

மறுநாளும் அதே மூலையில் தேரை. பழக்கதோஷத்தில் அவள் முதல் நாளே அதன் பருக்களை வரைந்து வைத்திருந்தாள். கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. புள்ளிக்குப் புள்ளி பொருந்தியது.

"இங்கயே ஏன் வருது?" என்றான் கணவன்.

"பொறந்த குளத்துக்குத்தான் முட்டை போட வரும். இந்தக் கட்டடமே குளத்தைத் தூர்த்துக் கட்டினதுதானே."

"அப்போ?"

"அப்போ ஒண்ணுமில்ல. தண்ணிக்குள்ள இருக்கற செடியிலதான் முட்டைச் சரத்தைச் சுத்தும். இங்க தண்ணிக்கு எங்க போகும்? தானா போயிடும்."

மூன்றாம் நாள் குளியலறையில் தேரை இல்லை. அப்பாடா என்று மகளை எழுப்பப் போனாள். மின்விசிறி ஓடவில்லை. அதன் இறக்கைகளில் கருமணி கோத்தாற்போல முட்டைச் சரங்கள் சுற்றியிருந்தன. சரங்களின் நுனிகள் கீழே தொங்கவில்லை. தண்ணீருக்குள் இருப்பதுபோல மேலே எழும்பி மெதுவாக அசைந்தன.

கட்டிலில் மகள் அசையாமல் படுத்திருந்தாள். தலையணையை விட்டு எழும்பி, அவள் முடியும் அதே பக்கமாக அசைந்துகொண்டிருந்தது.