கன்னி மூலை

அவள் குழாயைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது.

மூடினாள். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

அதுவும் போயிற்று.

இதோடு எட்டாவது வீடு. முந்தைய ஏழிலும் நொட்டை சொல்ல ஏதாவது ஒன்று கிடைத்தது. ஒன்றில் காற்று வரவில்லை. ஒன்றுக்கு எதிரே கல்யாண மண்டபம். இன்னொன்றில் மாடிப்படி ஏறினால் தலை இடித்தது. அவள் கணவன் தனபாலும் சளைக்காமல் அடுத்த வீட்டுக்குக் கூட்டிப் போனான்.

இங்கே ஒரு குறையும் இல்லை. வெளிச்சமான சமையலறை. துணி காயப்போடத் தனி இடம். பள்ளிக்கூட வண்டி கேட்டுக்கே வருமாம். சுற்றுச்சுவருக்குள் நாற்பது வீடுகள், எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. நடுவில் ஒரு பூங்கா, சாயங்காலமானால் அங்கே உட்கார்ந்து பேச நல்ல மனிதர்கள்.

பக்கத்து வீடு மட்டும் வாசுகியுடையது.

வாசுகி அவளுடைய தங்கை.

"இங்கியே வந்துரு அக்கா. நடுவுல ஒரு சுவருதான். கூப்பிட்டாக் கேக்கும்." ஆறு மாதமாக இதே பாட்டு. இந்த வீடு காலியாகப் போகிறது என்று முதலில் மோப்பம் பிடித்ததும் அவள்தான்.

கேட்டில் நுழையும்போதே ஆரம்பித்துவிட்டது. நோட்டில் பெயர் எழுதச் சொன்ன வாட்ச்மேன், முகத்தைப் பார்த்ததும் நோட்டை இழுத்துக்கொண்டான். "வாசுகி மேடத்தோட அக்காங்களா? நீங்க போங்க."

பூங்காவிலிருந்து ஒருத்தி எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். வாசுகியின் அக்கா என்றால் அவளுக்கும் அக்காவாம்.

பிறந்து மூன்று வருடம்தான் அவள் அவளாக இருந்தாள். பிறகு எங்கே போனாலும் வாசுகியின் அக்கா. பெற்ற மகள் காய்ச்சல் வந்தால் சித்தியைக் கேட்கிறாள். கட்டிய புருஷன் வாசுகி வைத்த ரசத்தைப் பற்றி மூன்று நாள் பேசுகிறான். இந்த வீட்டை வாங்கினால் சாகும்வரை அவளுக்கு விலாசமும் அதுதான்.

பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் தேடி அவள் மெனக்கெடவில்லை. கூடப் பிறந்தவள்மேல் பொறாமைப்படுவது பாவம் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, வயிறு எரியும்போது எரியத்தான் செய்கிறது.

தனபால் அதற்குள் டிவி மாட்டச் சுவரில் இடம் பார்த்துக்கொண்டிருந்தான். வாசுகி தன் வீட்டிலிருந்து காபி கொண்டுவந்து, வீடு காட்ட வந்த புரோக்கர் உட்பட எல்லாருக்கும் ஊற்றினாள். அக்காவுக்கு மட்டும் தனி டம்ளர், சர்க்கரை குறைவாக. இவளுக்கு எதுவும் மறப்பதே இல்லை. அதுவும் எரிந்தது.

"என்ன அம்மணி, முடிச்சிரலாமா?" என்றான் தனபால்.

அவள் பின்பக்கம் போனாள். மற்றவர்களும் டம்ளரோடு வந்தார்கள்.

சிமெண்டுத் தரையில் ஓர் இரும்பு மூடி. கீழே தண்ணீர்த் தொட்டி. அவள் வெயிலைப் பார்த்துத் திசையைக் கணக்குப் போட்டாள். தென்மேற்கு.

வாஸ்துவை அவள் நம்பியதே இல்லை. காலையில் டிவியில் அந்த ஆள் வந்தால் சத்தத்தைக் குறைத்துவிட்டு வெங்காயம் நறுக்குகிறவள். எப்போதோ காதில் விழுந்த ஒன்று இப்போது கைகொடுத்தது.

"கன்னி மூலையில தொட்டி இருக்குது. அந்த மூலையில பள்ளம் இருந்தா வீட்டு ஆம்பளைக்கு ஆகாது. எனக்கு இந்த வீடு வேண்டாம்."

புரோக்கர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். வாஸ்துவுக்கு எதிர்வாதம் பேசி எந்தப் புரோக்கரும் வீடு விற்றதில்லை.

அப்பாடா என்றிருந்தது.



தனபால் அவளைப் பார்க்கவில்லை. வாசுகியைப் பார்த்தான்.

வாசுகி இடுப்பளவுச் சுவருக்கு அப்பால் தன் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேயும் சிமெண்டுத் தரை. அதே மூலை. அதே இரும்பு மூடி.

மூடியைத் தாண்டி வாசுகியின் கணவன் மெல்ல நடந்துகொண்டிருந்தான். போன மாதம் மாரடைப்பு. பிழைத்து வீடு திரும்பிப் பன்னிரண்டு நாள். டாக்டர் சொன்ன பத்து நிமிட நடை. இவர்களைப் பார்த்ததும் சிரித்துக் கையை ஆட்டினான்.

இந்த நொடிவரை அவளுக்கு அவன் நினைவே வரவில்லை.

"அப்ப அவருக்கு... அதனாலதானாக்கா?" என்றாள் வாசுகி.

குரலில் கோபம் இல்லை. அக்காவுக்குத் தெரியாதது இருக்காது என்கிற குரல். சிறுவயதில் கரண்ட் போனால் பேய் உண்டா என்று இதே குரலில்தான் கேட்பாள். இல்லை என்று அக்கா சொன்னால் போதும், தூங்கிவிடுவாள்.

சும்மா சொன்னேன் என்று சொல்லலாம். பின்னே வீடு ஏன் வேண்டாம் என்று கேட்பாள். அதற்கு என்ன சொல்வது?

ஒன்றும் சொல்லாமலும் போகலாம். அப்படிப் போனால் இவள் நாளைக்கே ஆளைக் கூட்டிவந்து தொட்டியை இடிப்பாள். இடித்தாலும் விடாது. அவன் ஒரு தடவை இருமினால்கூட இந்த மூலையைப் பார்த்து நடுங்குவாள்.

அந்த மூலையால் ஒன்றும் ஆகாது என்று இவளை நம்ப வைக்க ஒரே வழிதான் இருந்தது.

அவள் தன் புருஷனைப் பார்த்தாள். நல்ல திடமாகத்தான் இருந்தான்.

"தொட்டி எந்த மூலையில இருந்தா என்னங்க, தண்ணி நின்னாச் சரி" என்றாள் புரோக்கரிடம். தங்கைக்கு நன்றாகக் கேட்கும்படி, சத்தமாக.

"எப்பப் பால் காய்ச்சலாம்?"