வல்லூறு முட்டை

"மத்த எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. இந்த ஒண்ணை மட்டும் தர மாட்டேன்."

முட்டை அலமாரியின் கீழ்த்தட்டை மறித்து, முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள் அந்த அம்மாள்.

அருங்காட்சியகத்திலிருந்து வந்திருந்த அதிகாரிக்கு எரிச்சலாக இருந்தது. காலையிலிருந்து ஒவ்வொரு முட்டையாகப் பஞ்சில் சுற்றிச் சுற்றி விரல்கள் மரத்துப் போயிருந்தன.

முட்டைகளுக்குச் சொந்தக்காரர், அவற்றை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டவர், அவளுடைய கணவர். தொழில் கடிகாரம் பழுதுபார்ப்பது; உயிர் பறவைகள் மேல். முட்டை எடுக்கத் தடை வருவதற்கு முன், இளவயதில் மரம் மரமாக ஏறிச் சேர்த்தவை இவை. ஒவ்வொன்றிலும் பக்கவாட்டில் கடுகளவுக்கு ஒரே ஒரு துளை. கடிகாரத்துக்கு வைத்திருந்த துளைக்கருவியால் போட்டு, அது வழியாகவே உள்ளிருந்ததை வெளியேற்றியிருந்தார். கூடவே, எந்தப் பறவை, எந்த மரம், என்ன தேதி என்று எழுதிய சீட்டு.

அம்மாளுக்கு இவற்றைக் கண்டாலே ஆகாதாம். "பொரிச்சுத் திங்கவும் ஆகாது, குஞ்சு பொரிக்கவும் ஆகாது, எனக்கு வாய்ச்ச சக்களத்தி" என்பாளாம். சிரித்துக்கொண்டே அவர்தான் சொன்னார்.

அப்படிப்பட்டவள் இன்று இந்த ஒன்றுக்காக மல்லுக்கு நிற்கிறாள். அதுவும் எதற்கு? வல்லூறு முட்டைக்கு. செங்குத்துப் பாறையில் கயிறு கட்டி இறங்கி எடுத்ததாம். பறவை ஆர்வலர் சங்கத்தில் அவரை மேடையேற்றியதே அதுதான். கண்ணாடி மூடிக்குள் பஞ்சில் வைத்திருப்பார். பார்க்கலாம், தொடக் கூடாது.

பேர் வாங்கித் தந்த முட்டை என்றதும் சக்களத்தி சொந்தமாகிவிட்டாள் போலிருக்கிறது என்று அதிகாரி மனசுக்குள் கறுவினார்.

கடிகாரக்காரரோ, பெட்டி கட்டக் கயிறு போதாது என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு நழுவிவிட்டார்.

செருப்புச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை அம்மாள் காத்திருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, இது வல்லூறு முட்டை இல்ல. கோழி முட்டை."

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் கடையில் இருந்தபோது தூசி தட்டியிருக்கிறாள். கை தவறி முட்டை உடைந்துவிட்டது. அன்று சாயங்காலம் சங்கத்துக்காரர்கள் அதைப் பார்க்க வருவதாக இருந்தார்கள். வேறு வழி தெரியாமல் சமையலறையிலிருந்து ஒரு சின்ன முட்டையை எடுத்து, ஊசியால் குத்தி, கன்னம் வலிக்க ஊதி, தேயிலைச் சாயத்தில் ஊறவைத்துச் செங்கல் பொடியைக் குழைத்துப் புள்ளி வைத்தாளாம்.

"வந்தவங்க வாயைப் பிளந்துட்டு நின்னாங்க. இவரும் பக்கத்துல நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னாரு. அதைப் பார்த்துட்டு எனக்கு அன்னிக்குச் சொல்ல வாய் வரல. அப்புறம் எப்படிச் சொல்றது?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க ஆளுங்க பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்தா குட்டு வெளிப்பட்டுடும். இந்த வயசுல அவரு தலைகுனியணுமா, சொல்லுங்க."

அதிகாரி கண்ணாடி மூடியைத் திறந்து முட்டையை எடுத்துப் பார்த்தார். பூதக்கண்ணாடியே வேண்டியிருக்கவில்லை. இரண்டு முனையிலும் இரண்டு துளை. முட்டை சேர்க்கும் பைத்தியம் பிடித்தவர்கள் யாரும் அப்படிப் போட மாட்டார்கள்.

அவளைத் தப்பாக நினைத்தது அவருக்குச் சுருக்கென்றது. முட்டையை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"இது இங்கேயே இருக்கட்டும்மா. வீட்டு ஞாபகத்துக்கு ஒண்ணு வெச்சுக்கிட்டாங்கன்னு எழுதிக்கிறேன்."

வாசலில் வண்டியில் பெட்டிகளை ஏற்றியானதும் கடிகாரக்காரர் கயிற்றை இறுக்கியபடியே கேட்டார்.

"அதை விட்டுட்டீங்கதானே?"

"விட்டுட்டேன் சார். அம்மா ரொம்ப ஆசைப்பட்டாங்க, அதனால..."

"சமாளிக்காதீங்க தம்பி. ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டு வெச்சிருக்கா. அன்னிக்குச் சாயங்காலமே பார்த்துட்டேன்."

எவ்வளவு பெரிய மனசு இந்த மனுஷருக்கு என்று அதிகாரிக்குத் தோன்றியது.

"அவ்வளவு அரிய முட்டை உடைஞ்சுபோச்சு. இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தைகூட நீங்க கேக்கலையா சார்?"

கடிகாரக்காரர் முடிச்சைப் போட்டுவிட்டு, வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"எந்த வாயால கேக்கறது? அவ உடைச்சதும் கோழி முட்டைதான், தம்பி. சொல்லப்போனா, நான் வரைஞ்சதைவிட அவளோடது நல்லா வந்திருக்கு."