பயிற்சிக்கு யாரை அனுப்பலாம்?

ஜொகூர் பாருவில் ஒரு தனியார் மருத்துவமனை. தாதி தேன்மொழி தலைமைத்துவப் பயிற்சிக்கான விண்ணப்பத்தை நான்காவது முறையாக நீட்டினாள்.

தன் அறையில் உட்கார்ந்திருந்த வார்டு சிஸ்டர் லோஷினி படித்துக்கூடப் பார்க்கவில்லை.

"அலமாக், ஐயோ, நீங்க இல்லாம வார்டு எப்படி ஓடும்க்கா? டியூட்டி அட்டவணைய யாரு போடுவா?"

"நீங்க போடலாமே, சிஸ்டர்."

"எனக்கு அதெல்லாம் வராதுலா. அடுத்த வருஷம் பாக்கலாம்."

தேன்மொழிக்குக் கோபம்கூட வரவில்லை. விண்ணப்பத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

ஐந்து வருடங்களுக்கு முன் இதே அறையில், பழைய சிஸ்டர் அவளிடம்தான் யோசனை கேட்டார்.

"பயிற்சிக்கு ஒரு ஆள அனுப்பணுமாம். யார அனுப்பலாம்?"

தேன்மொழி யோசிக்கவே இல்லை.

"லோஷினிய அனுப்புங்க, சிஸ்டர். அவ இல்லாட்டி வார்டுக்கு ஒரு நஷ்டமும் இல்ல."